தவிடும் தடித்த கோப்பும்: நாடு தாண்டித் தத்தெடுப்பது எப்படி?

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. மாமாவோ பெரியப்பாவோ சொல்வார். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். அம்மா ஓடி வந்து, "இல்லடா கண்ணு, நீ என் வயித்துல பொறந்தவன்" என்று தூக்கிக்கொள்வாள். அதோடு கேலி முடிந்துவிடும்.

தத்து வந்த பிள்ளைக்கு அது அங்கே முடியாது. "அப்போ நான் எங்கே பொறந்தேன்? யார் என்னை விட்டுட்டுப் போனாங்க?" என்ற கேள்வி அன்றைக்கோ பத்து வருஷம் கழித்தோ வரும். பிள்ளை வேறு நாட்டில் பிறந்திருந்தால் பதில் சொல்லக்கூடிய ஆள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பிரசவம் பார்த்த நர்ஸ் இல்லை, தெருக்காரர் இல்லை, பாட்டி இல்லை. பதில் முழுவதும் ஒரு கோப்பில்தான் இருக்கும். நாடு தாண்டித் தத்தெடுப்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கோப்பைப் பின்தொடர்வதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். அலுப்பூட்டும் சான்றிதழ்கள், முத்திரைகள், மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாம் எதற்கு என்பது, இருபது வயதில் அதைப் படிக்கப்போகும் அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் விளங்கிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் கோயம்புத்தூர், மனைவி திருநெல்வேலி. இருவரும் டல்லாஸில் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கிறார்கள். அவர்கள் மனசில் இது 'நம்ம ஊர்க் குழந்தை'. சட்டத்தின் கண்ணில் இது நாடு தாண்டிய தத்து. குழந்தையின் கண்ணிலும் அப்படித்தான். அது பிறந்த மண், பேச்சு, சாப்பாடு எல்லாவற்றையும் விட்டு விமானம் ஏறப்போகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1993 மே 29-ல் கையெழுத்துக்கு வந்த ஹேக் உடன்படிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இலங்கை 1995-லேயே சேர்ந்துவிட்டது. இந்தியா 2003-ல் ஏற்றது. அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வந்தது 2008 ஏப்ரல் 1-ம் தேதிதான். ஒவ்வொரு நாட்டிலும் தத்துக்கென்று ஒரு மைய அதிகார அமைப்பு இருக்க வேண்டும், இரண்டு நாட்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று பேசித்தான் காரியம் நடக்க வேண்டும், இடையில் தரகர் கூடாது என்பது அதன் சாரம். இந்தியாவின் அமைப்பு 'காரா' என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்துவள ஆணையம். 1990-ல் தொடங்கியது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? முன்பு நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கொரியப் போர் 1953-ல் ஓய்ந்ததும் அங்கே ஆதரவில்லாத குழந்தைகள் ஏராளம். 1955-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தம்பதி ஒருவர் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டமே போட்டது. நல்ல மனசோடு ஆரம்பித்த காரியம்தான். ஆனால் போர் முடிந்து, நாடு பணக்கார நாடாகிய பிறகும் விமானம் நிற்கவில்லை. மொத்தம் சுமார் 2 லட்சம் கொரியக் குழந்தைகள் வெளிநாடு போயிருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அப்பா அம்மா இருந்த குழந்தையை 'அனாதை' என்று எழுதியது, ஒரு குழந்தையின் அடையாளத்தை இன்னொரு குழந்தைக்கு மாட்டியது போன்ற மோசடிகள் நடந்ததாகத் தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் சொன்னது.

இலங்கையிலும் 1980களில் இதுதான் நடந்தது. சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். தத்துக் கொடுப்பதற்கென்றே குழந்தைகளைச் சேர்த்து வைத்த 'பேபி ஃபார்ம்'கள் இருந்தன. பெற்ற தாய் என்று சொல்லி வேறு ஒரு பெண்ணை நீதிமன்றத்தில் நிறுத்திய கதைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கோப்பில் இருந்த பெயரைத் தேடிக் கொழும்புக்கு வந்து, "இந்தப் பிள்ளையை நான் பெறவில்லை" என்ற பதிலோடு திரும்பினார்கள். கோப்பு பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

நம் சென்னையும் விலக்கில்லை. 1990களின் பிற்பகுதியில் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட சில குழந்தைகள், பொய்க் காகிதங்களோடு ஆஸ்திரேலியா, நெதர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்துப் போயிருந்தது 2005-ல் அம்பலமானது. இத்தனைக்கும், லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, நீதிபதி பகவதி 1984-ல் தீர்ப்பு எழுதி, நாடு தாண்டிய தத்துக்கு விரிவான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் போட்டுவிட்டிருந்தது. விதி இருந்தது, காகிதத்தைச் சரிபார்க்கத்தான் ஆளில்லை.

அதனால் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. எத்தியோப்பியா 2018-ல் நிறுத்தியது. சீனா 1992 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிவிட்டு, 2024 செப்டம்பரில் உறவினர் தத்து தவிர மற்றதை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவுக்குத் தத்து வந்த வெளிநாட்டுக் குழந்தைகள் 2004-ல் சுமார் 23 ஆயிரம். 2023 நிதியாண்டில் 1,275. இந்தியாவில் 2023-24-ல் நடந்த தத்துகள் 4,009. அதில் நாடு தாண்டியவை 449 மட்டும். ஆகவே டல்லாஸ் தம்பதி நுழையப்போவது ரொம்பக் குறுகலான ஒரு வாசல்.

"ஏன், இந்தியாவில் அனாதை இல்லங்களில் குழந்தைகள் நிரம்பி வழிகிறார்களே?" என்று யாராவது கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். விடுதியில் இருக்கும் குழந்தை எல்லாம் தத்துக்கு வந்த குழந்தை இல்லை. பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், குடி, குடும்பச் சண்டை என்று ஏதோ ஒன்று விடுதிக்கு அனுப்பியிருக்கும். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் மிகக் கொஞ்சம். சமீப வருஷங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர் பதிவு செய்து காத்திருக்க, அப்படி விடுவிக்கப்பட்ட குழந்தைகள் இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

அந்த விடுவிப்பில்தான் கோப்பின் முதல் பக்கம் எழுதப்படுகிறது. பேருந்து நிலையத்திலோ ஆஸ்பத்திரி வராந்தாவிலோ ஒரு குழந்தை கிடைக்கிறது என்று வையுங்கள். அதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். பெற்றோரைத் தேட வேண்டும். பத்திரிகையில் படம் போட வேண்டும். போலீஸ் அறிக்கை வர வேண்டும். குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்திலும் விசாரணையை முடித்து, குழு அந்தக் குழந்தையைத் தத்துக்கு விடுவிக்கலாம். பெற்றவளே வந்து ஒப்படைத்தால் வேறு கணக்கு. அவளுக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் மனம் மாறிவந்தால் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இந்த 60 நாளை அவசரப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. கைகள் எவ்வளவு ஏங்கினாலும் டல்லாஸிலிருப்பவர்களுக்கும் இல்லை.

அடுத்த வரிசை உள்நாட்டுக்கு. ஒரு குழந்தை பிறந்த நாட்டிலேயே குடும்பம் கிடைத்தால் அங்கேயே இருக்கட்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது ஹேக் உடன்படிக்கையின் முதுகெலும்பு. இந்தியச் சிறார் நீதிச் சட்டம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விடுவிக்கப்பட்ட 60 நாளுக்குள் இந்தியாவில் வாழும் குடும்பமோ இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழும் குடும்பமோ கிடைக்கவில்லை என்றால், குழந்தை நாடு தாண்டிய தத்துக்குத் தகுதி பெறும். அங்கேயும் இந்திய வம்சாவளியினருக்கு முன்னுரிமை. உடல், மனக் குறைபாடுள்ளவர்கள், கூடப் பிறந்தவர்கள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள் ஆகியோரை நாடு தாண்டி அனுப்புவதில் முன்னுக்கு வைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதன் நடைமுறை அர்த்தத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஆறு மாதக் குழந்தை வெளிநாட்டுக் குடும்பத்துக்குக் கிடைப்பது அரிது. உள்நாட்டில் அதற்கு அவ்வளவு நீண்ட வரிசை. வெளிநாட்டுக்கு வரும் குழந்தை பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு சிகிச்சை தேவைப்படும். நம் ஊர்க் குடும்பங்கள் வேண்டாம் என்று நகர்த்தி வைத்த குழந்தை அது என்பது உறுத்தினாலும் உண்மை.

வயதுக் கணக்கும் உண்டு. இந்தியாவின் 2022 தத்து விதிமுறைப்படி தம்பதியின் இரண்டு வயதையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 85-க்குள் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 90 வரை இருந்தால் இரண்டிலிருந்து நான்கு வயது, 100 வரை என்றால் நான்கிலிருந்து எட்டு. நம் தம்பதிக்கு 46-ம் 41-ம் சேர்ந்து 87. அப்போது கைக்குழந்தைக் கனவை விட்டுவிட்டு மூன்று வயதுக் குழந்தைக்குத் தயாராக வேண்டியதுதான். திருமணமாகி இரண்டு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனி ஆளாக இருக்கும் பெண்ணும் தத்தெடுக்கலாம், ஆணும் எடுக்கலாம். ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரமாட்டார்கள்.

சரி, டல்லாஸ் பக்கம் என்ன நடக்கிறது?

காராவின் அங்கீகாரம் பெற்ற ஒரு வெளிநாட்டுத் தத்து முகமையிடம் அவர்கள் போக வேண்டும். நேரே இந்தியா வந்து, ஒரு விடுதிக்குள் நுழைந்து, "இந்தப் பாப்பா எங்களைப் பார்த்துச் சிரிச்சுது, இதையே குடுங்க" என்று கேட்க முடியாது. பொருத்தம் முடிவாகும் முன் பெற்றோருக்கும் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கும் தொடர்பே கூடாது என்பது உடன்படிக்கையின் விதி. உறவினர் தத்துக்கு மட்டும் விலக்கு. காசு கைமாறும் இடம் எது என்று யோசித்தால் இந்த விதி எதற்கு என்பது புரியும். பணத்தைப் பொறுத்தவரை, மொத்தச் செலவு பல்லாயிரம் டாலர் ஆகும். ஆனால் ஒவ்வொரு டாலரும் ஒரு சேவைக்கு, ரசீதோடு. குழந்தைக்கு என்று விலை கிடையாது. 'நன்கொடை கொடுத்தால் சீக்கிரம் ஆகும்' என்று யாராவது காதோரம் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

முகமை முதலில் செய்வது வீட்டு ஆய்வு. பெயரைக் கேட்டுவிட்டு வீட்டைப் பளபளவென்று துடைத்துவைப்பவர்கள் உண்டு. சமூகப் பணியாளர் தூசியைப் பார்க்க வருவதில்லை. புகை அலாரம் வேலை செய்கிறதா, மாத்திரைகள் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, நண்பர்களின் கடிதங்கள், உங்கள் இருவருக்கும் ஏதாவது நேர்ந்தால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்ற உறுதிமொழி எல்லாம் வாங்குவார். இவையெல்லாம் பெரிய விஷயமில்லை. அப்புறம் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, "சின்ன வயசில் தப்பு செய்தால் உங்கள் அப்பா என்ன செய்வார்?" என்று கேட்பார். அங்கேதான் நம்மவர்கள் தடுமாறுவார்கள்.

"பெல்ட்டை எடுப்பார் சார், அதனாலதான் நான் இன்னைக்கு இன்ஜினியர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அது அறிக்கையில் ஏறும். பிள்ளையை அடிக்கமாட்டோம் என்று எழுதிக் கேட்கும் முகமைகள் பல. இது வெள்ளைக்காரத்தனம் என்று முகம் சுளிக்க வேண்டாம். விடுதிக்கு வரும் முன் அந்தக் குழந்தை என்னவெல்லாம் வாங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஓங்கிய கையைப் பார்த்தாலே மேசைக்கு அடியில் ஒளியும் பிள்ளையிடம் 'நாலு அடி போட்டாத்தான் திருந்தும்' எடுபடாது. பிள்ளையில்லாத துக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். இத்தனை வருஷ ஊசி, மருந்து, கோயில் குளம் எல்லாம் முடிந்து ஆறிவிட்டதா, இல்லை வரப்போகும் குழந்தை அந்தப் புண்ணுக்கு மருந்தா என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாட்டிலிருந்து தத்தெடுக்கும் அமெரிக்கக் குடும்பங்களுக்குக் குறைந்தது பத்து மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். பத்து மணி போதுமா என்றால், என்னைக் கேட்டால் போதாது.

இந்தக் கட்டத்தில் ஒரு படிவம் வரும். தத்துப் பயணத்திலேயே மிகக் கடினமான தாள் அதுதான் என்று பலர் சொல்வார்கள். பிளவுபட்ட உதடு, ஒரு காது கேளாமை, இதயத்தில் ஓட்டை, வளைந்த பாதம், வலிப்பு, ஹெபடைடிஸ் பி என்று நீளமான பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏற்கிறோம்', 'ஏற்கவில்லை', 'பேசலாம்' என்று கட்டம். இரவு சாப்பாடு முடிந்து, தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் பேனாவோடு உட்காருவார்கள். வயிற்றில் சுமப்பவர்களுக்கு இந்தத் தாள் வருவதில்லை, வந்ததை ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கே ஒவ்வொரு 'ஏற்கவில்லை'யும் ஒரு முகம் தெரியாத குழந்தைக்குச் சொல்லும் மறுப்பு மாதிரி இருக்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் 'ஏற்கிறோம்' போடுவது தியாகம் இல்லை. உங்கள் ஊரில் அந்த சிகிச்சை இருக்கிறதா, காப்பீடு ஏற்குமா, ஒருவர் வேலையை விட முடியுமா என்று பார்த்து நேர்மையாக எழுதுவதுதான் குழந்தைக்கும் நல்லது. முடியாததை முடியும் என்று சொல்லிக் கூட்டிவந்து, பிறகு கைவிட்ட குடும்பங்களும் உண்டு.

அமெரிக்க அரசு ஒரு பக்கம் ஐ-800ஏ என்ற படிவத்தின் வழியே, 'இவர்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள்' என்று ஒப்புதல் தரும். குழந்தை பொருந்திய பிறகு ஐ-800. 'இந்தக் குழந்தை இவர்களோடு வரலாம்' என்ற இடைக்கால ஒப்புதல் அதற்கு. அது கிடைத்த பிறகுதான் இந்தியாவில் தத்து உத்தரவு. இந்த வரிசை மாறவே கூடாது.

இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் இடறி விழுகின்றன. தங்கைக்கு மூன்று பிள்ளைகள், அமெரிக்கா அண்ணனுக்கு ஒன்றுமில்லை. பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். நல்ல நாள் பார்த்து, பிள்ளையை அண்ணன் மடியில் உட்காரவைத்து, பதிவு அலுவலகத்தில் சுவீகாரப் பத்திரமும் பதிவாகிவிடும். 1956-ம் வருஷ இந்து தத்துச் சட்டப்படி அது செல்லும். உள்ளூருக்குப் போதும். அதைத் தூக்கிக்கொண்டு விசாவுக்குப் போனால் கதை அங்கே நின்றுவிடும். ஹேக் வரிசைப்படி நடக்காததால் அந்தப் பத்திரத்தை வைத்து விசா தரமாட்டார்கள். குழந்தை சட்டப்படி அண்ணன் மகன், ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போக முடியாது. தங்கை வீட்டிலேயே வருஷக்கணக்காக இருக்கும். இப்படிச் சிக்கியவர்களுக்காக 2021-ல் விதிமுறையைத் திருத்தி, இந்து தத்துச் சட்டப்படி எடுத்த பிள்ளைகளுக்கும் காரா தடையின்மைச் சான்று தர வழி செய்தார்கள். அது இந்தியப் பக்கத்துக் கதவு மட்டும். சேரும் நாடு தன் விதியைத்தான் பார்க்கும். உறவுக்குள் தத்து என்றாலும் முதல் நாளிலிருந்தே காரா வழியில் போவது நல்லது.

நம் தம்பதிக்குத் திரும்புவோம். ஒரு நாள் மின்னஞ்சலில் குழந்தை ஆய்வு அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வருகின்றன. பெண் குழந்தை, மூன்று வயது, புவனேஸ்வர். உதட்டுப் பிளவுக்கு ஏற்கெனவே ஒரு அறுவை ஆகியிருக்கிறது. ஒரு புகைப்படம். அந்தப் படத்தைப் பார்த்த நொடியில் பாதி முடிவு ஆகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் படத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவ அறிக்கையை முதலில் படிக்கச் சொல்கிறார்கள். யாரும் அப்படிப் படித்ததாக நான் கேள்விப்படவில்லை.

அறிக்கையைத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் எடையைவிடத் தலைச் சுற்றளவை உற்றுப் பார்ப்பார். எடை குறைவது சாப்பாட்டால் சரியாகும். தலை வளர்ச்சி வரைபடத்தில் ஒரே சீராக ஏறியிருந்தால் நல்ல அறிகுறி. விடுதியில் கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் சுமார் ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. மூன்று வயதுக் குழந்தை இரண்டு வயது போல இருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். பிறந்த தேதியும் மருத்துவர் மதிப்பிட்டு எழுதியதாக இருக்கலாம். கண்டெடுத்த குழந்தைக்குப் பிறந்தநாள் யாருக்குத் தெரியும்?

ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் காகிதங்கள் இரு நாட்டுக்கும் இடையில் ஓடும். அமெரிக்கத் தரப்பின் சம்மதக் கடிதம், காராவின் தடையின்மைச் சான்று, பிறகு தத்து உத்தரவு. முன்பு இதற்கு நீதிமன்றம் போக வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே உத்தரவு போடுகிறார். அப்புறம் புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், எல்லாம் உடன்படிக்கைப்படிதான் நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, விசா.

காத்திருக்கும் இந்த மாதங்களில் தொட்டில் வாங்குவதைவிட உருப்படியான வேலை ஒன்று உண்டு. குழந்தையின் மொழியில் முப்பது சொற்கள் படிப்பது. தமிழ்த் தம்பதி இங்கே ஏமாந்துபோவார்கள், 'இந்தியக் குழந்தைதானே' என்று. புவனேஸ்வர்க் குழந்தைக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுதான், இரண்டும் தெரியாது. அதற்குச் சோறு 'பாத', தண்ணீர் 'பாணி'. வலிக்கிறது, பயமாயிருக்கிறது, கக்கூஸ் போக வேண்டும், இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கெல்லாம் ஒடியாவில் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆறுதல் உண்டு. ஒடிசாவில் 'பகாளா' என்று தண்ணீர் ஊற்றிய சோறு சாப்பிடுவார்கள். நம் பழைய சோற்றுக்கு அது சொந்தக்கார உறவு. டல்லாஸ் சமையலறையில் முதல் வாரத்துக்கு பீட்சாவைவிட அது நன்றாக வேலை செய்யும்.

குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகும் நாளில் விடுதியில் கேட்க வேண்டியதை எழுதி எடுத்துப் போங்கள். எப்படித் தூங்க வைப்பீர்கள், எந்த ஆயாவிடம் அதிகம் ஒட்டும், கூப்பிடும் பேர் என்ன, எந்தப் பாட்டுக்குச் சிரிக்கும். அந்த ஆயாவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை கிடைத்த இடத்தையும் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள், அது வெறும் பேருந்து நிலையமாக இருந்தாலும். அரசாங்கக் கோப்பில் வராத பக்கங்கள் இவை. போட்டிருந்த சட்டையைக் கழற்றி உடனே துவைத்துவிட வேண்டாம். நமக்கு அது டெட்டால் நாற்றம், குழந்தைக்கு அதுதான் வீட்டு வாசனை. சில நாள் தலைமாட்டில் இருக்கட்டும். பெயரை மாற்றுவதிலும் அவசரம் வேண்டாம். மூன்று வருஷமாக அது தன் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறது.

வீடு வந்ததும் உறவுக் கூட்டம்தான் பெரிய சவால். ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்ச வருவார்கள். குழந்தையும் யார் கூப்பிட்டாலும் போகும். "எவ்வளவு சமத்து, அழவே இல்லை பாரு" என்பார்கள். விடுதியில் ஆள் மாறி ஆள் பார்த்து வளர்ந்த குழந்தை, யாரும் நிரந்தரமில்லை என்று கற்றிருக்கும், அதனால்தான் எல்லோரிடமும் போகிறது. முதல் சில வாரங்களுக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அம்மா அப்பா மட்டும் செய்ய வேண்டும் என்பது இதனால்தான். திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டிக்கு இதைச் சொல்வது கஷ்டம். விமானம் ஏறும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். தலையணைக்கு அடியில் பிஸ்கட்டோ காய்ந்த சப்பாத்தியோ கிடைத்தால் திட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு டப்பாவில் தின்பண்டம் வைத்து, "இது உன்னோடது, தீராது" என்று காட்டுங்கள்.

பாட்டிக்கும் மாமாவுக்கும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவிட்டுக் கேலி இந்த வீட்டில் வேண்டாம். தத்து என்பதை மூடி மறைக்கவும் வேண்டாம். பேச்சு வராத வயதிலிருந்தே, தூக்கத்துக்கு முன் சொல்லும் கதை மாதிரி, "நீ புவனேஸ்வரில் இருந்தாய், நாங்கள் விமானத்தில் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தால், அது என்றைக்குத் தெரிந்தது என்று குழந்தைக்கே நினைவிருக்காது.

கடைசியாகச் சில காகித வேலைகள். இந்தியாவில் தத்து முழுதாக முடிந்து வரும் ஹேக் குழந்தைக்கு அமெரிக்க மண்ணில் இறங்கி உள்ளே வந்ததுமே குடியுரிமை கிடைத்துவிடும். 2001 பிப்ரவரி 27-ல் அமலுக்கு வந்த சட்டம் அது. அன்றைக்கு 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்களில் பெற்றோர் விண்ணப்பிக்க மறந்த சிலர், நடுவயதில், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். அதனால் தபாலில் வரும் குடியுரிமைச் சான்றிதழை மின்கட்டண ரசீதுகளோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டும் எடுத்துவிடுங்கள்.

காராவுக்குத் தொடர் அறிக்கைகள் போக வேண்டும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு அறிக்கைகள். சமூகப் பணியாளர் வந்து குழந்தையின் உயரம், எடை, பள்ளி, தூக்கம், யாரோடு விளையாடுகிறது என்று எழுதிப் படத்தோடு அனுப்புவார். ஒவ்வொன்றிலும் ஒரு நகல் கேட்டு வாங்கி, புவனேஸ்வரிலிருந்து வந்த கோப்பில், அந்த ஆயாவின் படத்துக்குப் பின்னால் வரிசையாக வையுங்கள். முதல் அறிக்கையில் 'ஒடியாவில் மட்டும் பேசுகிறாள்' என்று இருக்கும். ஆறாவதில், அநேகமாக, பாட்டியோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வந்திருக்கும்.